நடந்தால் யோசனை வரும் என்றாயே, ஆர்டிஸ்

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

வடக்கு டகோட்டாவிலிருந்து அண்ணன் ஹார்லன் எழுதுவது. இங்கே நானும் வீடும் காற்றும் நலம். அங்கே அரிசோனாவில் நீயும், உன் வீட்டுக்காரரும், அவருக்குப் புதிதாய் வைத்த முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய புத்தகம் கிடைத்தது. உன் அண்ணி லவோன் போய்ச் சேர்ந்த பிறகு நான் சோபாவிலேயே வேர்விட்டுவிட்டேன் என்று உனக்குக் கவலை. புதிது புதிதாக எதையாவது யோசித்துச் செய்தால் துக்கம் குறையும், தூக்கம் வரும், தனிமை தெரியாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. முயன்று பார், சரிப்படாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று போனில் நீ போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டினேன். தலையாட்டியது உனக்குக் கேட்காது என்பதால் "சரி" என்றும் சொன்னேன். முயன்றும் பார்த்தேன். அந்தக் கூத்தைக் கேள்.

எங்கே போகிறோம் என்று நினைக்காமல் நட, யோசனை தானாக வரும் என்கிறது முதல் அத்தியாயம். எழுதின மகராசன் எந்த ஊரோ! நம் சரளைக்கல் ரோட்டில், வண்டி கெட்டுப்போனவனைத் தவிர வேறு யாராவது நடந்து நீ பார்த்திருக்கிறாயா? தபால் பெட்டியைத் தாண்டுவதற்குள் பக்கத்துப் பண்ணை டுவேன் பிக்கப்பை நிறுத்திவிட்டான்.

"வண்டி எங்க நின்னுபோச்சு?"

"வண்டி வீட்லதான் இருக்கு. நான் சும்மா நடக்கறேன்."

"சும்மாவா? ஏறுப்பா, எங்க போகணுமோ விட்டுடறேன்."

"எங்கயும் போகலைடா. யோசனை வரணும்னு நடக்கறேன்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைத் தனியாக விடப் பயந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, சோயாபீன்ஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே என் நடைக்கு இணையாக வண்டியை உருட்டினான். அவன் பின்னால் இன்னொரு பிக்கப். அதன் பின்னால், யார் கூப்பிட்டார்களோ, வண்டி இழுக்கும் லாரி. ஊர்வலம் போல நாங்கள் போய்க்கொண்டிருக்க, எதிரே ஷெரிஃப் ஆபீஸ் பையன் வந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஐயா, உங்க வீட்டு விலாசம் ஞாபகமிருக்கா?" என்று பூப்போலக் கேட்டான். "நீ பொறக்கறப்போ பனிப்புயல்ல உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது என் வண்டிதான்டா, உங்க வீட்டு விலாசத்தைச் சொல்லட்டுமா?" என்றேன். பிறகு யோசனை எங்கிருந்து வரும்?

சாயங்காலத்துக்குள் ஹார்லனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சர்ச் பெண்கள் விடுவார்களா? உருளைக்கிழங்கும் இறைச்சியும் காளான் சூப்பும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ், வீட்டுக்கொரு பாத்திரமாக வந்து இறங்கிற்று. சாப்பிட்டுத் தீர்த்தேன். அதற்கப்புறம்தான் வினை. பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுத்தால் மரியாதையா? லவோன் ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை. எனக்கோ முட்டை பொரிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

கொல்லையில் லவோன் நட்ட ருபார்ப், பறிக்க ஆளில்லாமல் இடுப்பளவு நின்றது. ஒட்டாத இரண்டை ஒட்டவைத்துப் பார் என்கிறது இரண்டாம் அத்தியாயம். சரி என்று அந்தப் புளிப்புத் தண்டை வெட்டி, ஒன்றில் ஊறுகாய் மீனும், இன்னொன்றில் கடுகுச் சாந்தும், மூன்றாவதில் வேர்க்கடலை வெண்ணெயும் போட்டு வேகவைத்துக் கொண்டுபோனேன். டுவேன் மனைவி பெர்னிஸ் வாசலிலேயே ஒரு கரண்டி வாயில் வைத்தாள். வானத்தைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"வித்தியாசமா இருக்கு, ஹார்லன்."

நீ இந்த ஊரில் வளர்ந்தவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சாப்பாட்டுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. "எங்க நாய் அதைக்கூடச் சொல்லலைப்பா" என்றான் டுவேன், மறுநாள்.

ஆகவே நான் தோற்றேன், நீ ஜெயித்தாய். உண்மையைச் சொல்கிறேன், ஆர்டிஸ். நடந்தாலும் சமைத்தாலும், சாப்பாட்டு நேரத்தில் அவள் மேசையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்பதில்லை. அதற்கு எந்த அத்தியாயத்திலும் வழி சொல்லவில்லை. இந்தச் சமையலறை எனக்கு ரொம்பப் பெரிசு. சனிக்கிழமை சாமான் ஏற்ற டிரெய்லரை எடுத்துக்கொண்டு வா. வீட்டை விற்கச் சம்மதம்.

உன் வீட்டுக்காரர் படியேறும்போது அவசரப்பட வேண்டாமென்று சொல். உங்கள் ஏர்கண்டிஷனர் கோடை முழுக்கக் கெடாதிருக்கட்டும். கடவுள் உங்களுக்குத் துணையிருப்பாராக.

உன் அண்ணன்,
ஹார்லன்

பி.கு.: டிரெய்லர் வேண்டாம். கடிதத்தை உறையில் போடுமுன் மிச்சமிருந்த ஒரு பாத்திரத்தைக் கழுவித் திருப்பினேன். அடியில் லவோன் பெயர், அவள் கையெழுத்திலேயே. என்றைக்கோ சர்ச்சில் யாருக்கோ கொடுத்தனுப்பியது, அந்தப் பெண் கவனிக்காமல் அதிலேயே ஹாட்டிஷ் கொண்டுவந்திருக்கிறாள். இதை நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்? கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் வெறுமனே வைக்க மனம் வராமல் ருபார்ப்பும் முள்ளங்கியும் மேப்பிள் பாகும் போட்டு வேகவைத்து, மேசையில் லவோனின் தட்டையும் வைத்து, ஒரு வாய் தின்றேன். எனக்கே தெரியாமல் லவோன் குரலில், "வித்தியாசமா இருக்கு, ஹார்லன்" என்று சொல்லிவிட்டேன். சிரித்தேன் பார், கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் போனதிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. நாளைக்கு ருபார்ப்போடு சோளம் சேர்த்துப் பார்க்கலாமென்று இருக்கிறேன். நீ சனிக்கிழமை கட்டாயம் வா, சாப்பிட வா. வரும்போது ஒரு பாத்திரம் கொண்டுவந்து, அடியில் உன் பெயரை ஒட்டி, இங்கேயே மறந்துவிட்டுப் போ. அதைத் திருப்பிக் கொடுக்க நான் அரிசோனா வர வேண்டாமா?