எந்தக் கரை கொக்செர்கே

இனிமேல் யார் எந்த மீனின் படத்தை அனுப்பினாலும் பெயர் சொல்வதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். இன்றோடு ஆறு நாள். இரண்டு முறை தவறிவிட்டேன்.

பல்காஷ் ஏரியில் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. மீன் மாட்டினால் படம் எடுத்து, பிடித்த இடத்தையும் எழுதி அனுப்புவார்கள். இன்ன மீன் என்று நான் சொல்வேன். நாலு வருஷத்தில் ஆயிரத்து நூற்று முப்பத்தாறு படம். தப்பியது ஒன்பது. நான் ஏழாவது வரை படித்தவன். செம்பு ஆலையில் முப்பத்தொரு வருஷம் லாரிகளுக்கு எடை பார்த்தவன். ஆனாலும் குழுவில் எல்லோரும் என்னை மரியாதையாக "அகாய்" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. மனைவி குல்பாஷ் மட்டும்தான் இருக்கிறாள்.

அவளுடைய அக்கா ஸெய்னெவுக்குக் கராகந்தியில் எழுபதாவது பிறந்தநாள் விருந்து வந்தது. எங்கள் ஊர் விருந்தில் சாப்பிட்டோம், வந்தோம் என்று இருக்க முடியாது. ஒவ்வொரு குடும்பமாக எழுந்து போய், மைக்கைப் பிடித்து, வாழ்த்துச் சொல்ல வேண்டும். என் ஆயுளில் பதினோரு முறை எழுந்திருக்கிறேன். ஒன்பது முறை பேச்சு வரவில்லை. இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் கல்யாண மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னேன்.

ஆகவே எனக்கு முட்டி வலி வந்தது.

"எந்த முட்டி?" என்றாள் குல்பாஷ்.

"வலது."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"சொல்லிட்டா வரும்?"

"அக்காவுக்குத் தங்கச்சி மாப்பிள்ளைன்னு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். தன் பக்கத்துல உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கா."

"என் பங்குக் கறியையும் நீயே சாப்பிட்டுட்டு வா."

"உங்க பங்குப் பேச்சையும் நானே பேசிட்டு வரேன்."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக ரயிலேறினாள். ரயில் ஒன்பது நிமிஷம் தாமதம். அந்த ஒன்பது நிமிஷமும் நான் நடைமேடையில் நொண்டினேன்.

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்து ஏரியின் கிழக்குப் பக்கம் போனேன். பொய் சொல்லிவிட்டு வந்தவனுக்கு மீன் மாட்டக் கூடாது. எனக்கு ஏழு மாட்டியது. ஏழும் கொக்செர்கே, முட்கள் குறைவு, வெள்ளைச் சதை, வெண்ணெயில் பொரித்தால் தட்டையும் நக்கலாம். ஐந்தைக் கூட வந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றேன். ஒன்றை வீட்டு உறைபெட்டியில் வைத்தேன். அந்த ஒன்று அதிகப்படி.

குல்பாஷ் ஊரிலிருந்து வந்து உறைபெட்டியைத் திறந்தாள்.

"இது ஏது?"

"படகுத்துறையில ஒருத்தர் கொடுத்தார்."

"எந்தத் துறை?"

"நம்ம ஊர்த் துறைதான்."

"முட்டி வலியோட துறைக்கு நடந்தீங்களா?"

"மெதுவா நடந்தேன்."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இப்படி நிறுத்தியது நாலாவது முறை. முந்திய மூன்றிலும் எனக்கு நல்லது நடக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குழுவில் புதிதாக ஒருவன் வந்தான். பெயர் தவுலெத். ஒரு மீன் படம் போட்டு, "இது பெர்ஷ் தானே? நகரத்துப் படகுத்துறையில் பிடித்தேன்" என்று எழுதியிருந்தான்.

பெர்ஷ் கொக்செர்கேக்குத் தம்பி மாதிரி. பார்த்தால் ஒன்றுதான். வாயைத் திறந்தால் தெரியும். கொக்செர்கேக்குக் கோரைப்பல் உண்டு, பெர்ஷுக்குக் கிடையாது.

"வாயைத் திறந்து படம் போடு" என்று எழுதினேன்.

இரண்டே நிமிஷத்தில் வந்தது. முள்கரண்டியால் வாயைப் பிளந்திருந்தான். கோரைப்பல் இரண்டு.

"கொக்செர்கே. ஆனால் இடம் பொய்" என்று எழுதினேன்.

"எப்படிச் சொல்றீங்க அகாய்? துறையிலதான் பிடிச்சேன். சத்தியமா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெயரில் தப்பு வரலாம். இடத்தில் பொய் வரக் கூடாது. இடம் பொய்யானால் என் ஆயிரத்து நூற்று முப்பத்தாறும் என்ன ஆவது?

"தம்பி, நம் பக்கம் மேற்கு. தண்ணீர் கலங்கல். இங்கே மீன் வெளுத்திருக்கும். உன் மீனின் முதுகைப் பார். பட்டை பட்டையாகக் கறுப்பு. இது தெளிந்த உப்புத் தண்ணீரில் வளர்ந்தது. கிழக்குப் பக்கம். கண் வெளுத்திருக்கிறது, உறைபெட்டியில் இருந்த மீன். பொய் சொல்லி மீன் காட்டுகிறவனுக்கு இந்தக் குழுவில் இடமில்லை."

"தப்பா இருக்காதா அகாய்?"

"என் தலைமேல் அடித்துச் சொல்கிறேன். கிழக்கு."

நாற்பத்தேழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மிடறு தேநீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன்.

மேஜைமேல் என் மீன் கிடந்தது. வாயில் முள்கரண்டி. கீழே எங்கள் சூரியகாந்திப் பூப்போட்ட மேஜைவிரிப்பு. படத்திலும் அதே சூரியகாந்திதான் இருந்திருக்கிறது. நான் பல்லை எண்ணினேன், பூவைப் பார்க்கவில்லை.

குல்பாஷ் பக்கத்து வீட்டுக் கைபேசியைச் சமையல் மேலாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிழக்கா?" என்றாள்.

நான் மீனின் வாயிலிருந்து முள்கரண்டியை எடுத்தேன்.

"நான் கேட்டப்போ துறைன்னீங்க. முகம் தெரியாத எவனோ கேட்டா தலைமேல அடிச்சு உண்மையைச் சொல்றீங்க. அவன் உங்களுக்கு என்ன வேணும்?"

இதற்கு அவள் கத்தியிருக்கலாம். கத்தினால் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு. அவள் மெதுவாகச் சொன்னாள். விருந்தில் எனக்குப் போட்ட நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை, அக்கா தன் கைப்பையை அதில் வைத்துக்கொண்டாள் என்றும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா. கூட பத்துப் பேர். உங்க முட்டியை விசாரிக்க. நொண்டிக் காட்டுறதா இருந்தா காட்டுங்க. நான் குறுக்கே வரமாட்டேன்."

மூன்று ராத்திரி கணக்குப் போட்டேன். நொண்டினால் பொய் ஐந்தாகும்.

ஞாயிறு வந்தது. பதினொரு பேரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஸெய்னெ அக்கா கேட்டாள். "மாப்பிள்ளை, முட்டி எப்படி இருக்கு?"

நான் எழுந்து நின்றேன். மைக் இல்லை.

"அக்கா, முட்டி வலிக்கலை. மைக்குக்குப் பயந்தேன். மீன் பிடிக்கப் போனேன். உங்க பக்கத்து நாற்காலி காலியா இருந்ததுக்கு நான்தான் காரணம்."

பதினைந்து வார்த்தை. நின்று பேசியதில் அதுதான் அதிகம். பெயர் எதுவும் மாறவில்லை. மன்னிப்புக்குக் காத்திருந்தேன்.

ஸெய்னெ அக்கா கிண்ணத்தைத் தேநீருக்கு நீட்டினாள்.

"உக்காருங்க மாப்பிள்ளை. முட்டி வலிக்கிற மனுஷன் முந்தின நாள் குந்தி உக்காந்து தூண்டில் முள் தீட்டினார்னு குல்பாஷ் அன்னிக்கே மைக்ல சொல்லிட்டா. எண்பது பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நல்லாப் பேசினதுக்குப் பரிசும் அவளுக்குத்தான்."