தக்காளிக்கு ஒரு கேட் பாஸ்

அன்புள்ள மச்சான் இன்பராஜுக்கு, ஆம்பூரிலிருந்து மாமா தேவசகாயம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அக்கா அமிர்தவள்ளியும் மகள் ஷர்மிளாவும் சுகம். நானும் சுகமாத்தான் இருந்தேன், நீ பெங்களூர்லேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரை அனுப்புற வரைக்கும்.

பிளஸ் டூ படிக்கிற பொண்ணு எந்நேரமும் அதுல கேம் ஆடுறாளேன்னு உன்கிட்ட அழுதேன். நீயும் போன்ல, "ஒருத்தர் அட்மின், மத்தவங்க ஸ்டாண்டர்ட், யார் எப்ப ஆடலாம்னு நேரம் போட்டுடலாம் மாமா"ன்னு சொல்லிட்டு, மீட்டிங்குன்னு வச்சிட்டே. யாரு எதுன்னு நீயும் சொல்லலை, நானும் கேக்கலை. எங்க ஷூ கம்பெனியில அட்மின்னா பஸ்ஸு, டீ, வெளிய போறதுக்கான கேட் பாஸு சீட்டுன்னு ஓடியாடுற ஆளுங்க. ஸ்டாண்டர்டுன்னா கீறல், ஓட்டை இல்லாத தோலு. தோல் வெட்டியே தலை நரைச்சவன் எதை எடுப்பான்? நான் ஸ்டாண்டர்டை எடுத்துக்கிட்டு, "நீ அட்மினா இரும்மா, வேலை கத்துக்கோ"ன்னு பெருந்தன்மையா குடுத்தேன். "நெஜமாவாப்பா?"ன்னு அவ திருப்பித் திருப்பிக் கேட்டா. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும், கம்ப்யூட்டர்ல அட்மின்தான் முதலாளி, நேரம் போடுறது அவங்கதான்னு.

அதுல தோட்டம் போடுற கேம் ஒண்ணு இருக்கு. இன்னான்னு பாத்துக் கண்டிக்கலாம்னுதான் உக்காந்தேன். நாலு பாத்தி தக்காளி, ஒரு கிணறு, ஒரு ஆடுன்னு ஆயிடுச்சு. இப்ப எனக்கு ஆட்ட நேரம் சாயந்திரம் அஞ்சுலேர்ந்து அஞ்சரைன்னு போட்டுட்டா. கம்பெனி பஸ் என்னை இறக்கி விடுறதே ஆறு மணிக்கு! தொட்டா, "உங்கள் நேரம் முடிந்தது"ங்குது. சனிக்கிழமைக்குள்ள பறிக்கலைன்னா தக்காளி அத்தனையும் அழுகிடும். கேட்டா, "சுகர் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாரில்ல? நடந்துட்டு வாங்க, திறக்கிறேன்"ங்கிறா. உங்கக்காகிட்ட நியாயம் கேட்டேன். "பாலாத்துப் பாலம் வரைக்கும் போய்ட்டு, வரும்போது நெஜத் தக்காளி அரை கிலோ வாங்கிட்டு வாங்க"ங்கிறா. பேஜாரா போச்சு மச்சான்.

போன்ல சொன்னா அவ காதுல விழும், அதான் கடுதாசி. வெள்ளிக்கிழமையே ரயிலேறி வந்து என்னை அட்மினாக்கிட்டுப் போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமா வரத்தை.

இப்படிக்கு,
ஸ்டாண்டர்ட் மாமா,
தேவசகாயம்

பின்குறிப்பு: வர வேணாம். கவர் ஒட்டுறதுக்குள்ள அட்மின் படிச்சிட்டா. "உங்களைக் கட்டி மேய்க்கிறதுல எனக்கு கேம் ஆடவே நேரமில்லப்பா"ன்னு சிரிச்சா. யோசிச்சுப் பாத்தா நெஜந்தான், அவ ஆடி ரொம்ப நாளாச்சு. நீ சொன்ன ஏற்பாடு நல்லாத்தான் வேலை செய்யுது, எதையும் மாத்தாதே. தக்காளியையும் அவளே பறிச்சு வச்சிட்டா. பாலம் வரைக்கும் நடந்துட்டு வந்ததுக்கு, ஆட்டுக்குத் தண்ணி காட்ட எனக்குக் கால் மணி நேரம் கேட் பாஸ் கெடைச்சிருக்கு. போய்ட்டு வர்றேன்.