சர்க்கரை இல்லாத கூட்டம்

என் சர்க்கரை நோயைவிட முற்றிய நோய் ஒன்று எனக்கு உண்டு. விதிமுறை. அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சலுகையை எந்த ஜன்னலில் எத்தனை நகலோடு கேட்க வேண்டும் என்று சென்னை கீழ்க்கட்டளையில் எங்கள் காலனிக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.)

அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு விதிமீறல் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி ஸ்டெல்லா, ஓய்வு பெற்ற ஆசிரியை, தன் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டாள். கேட்டால், "டாக்டர்தான் சொன்னாரு" என்பாள். டாக்டர் சொல்லவில்லை, விலை சொன்னது. ஆனால் என் சர்க்கரை மாத்திரையை மட்டும் டாக்டர் எழுதிய அதே கம்பெனிப் பெயரில் வாங்கி, தினமும் காலை டிபனுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் வைத்துவிடுவாள்.

தாம்பரத்தில் அரசின் மலிவு விலை மருந்தகம் இருக்கிறது. அதே மருந்து, கம்பெனிப் பெயர் மட்டும் இருக்காது, விலை பாதிகூட ஆகாது. அங்கே வாங்கினால் அவளும் தினமும் சாப்பிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவ்ளோ சீப்பா குடுக்கிறாங்கன்னா உள்ள என்ன இருக்கும்? சாக்பீஸ்தான். சர்வீஸ் பூரா சாக்பீஸ் புடிச்சவ நான். என்கிட்டயே சாக்பீஸ் விக்காதீங்க."

ஆதாரம் இல்லாமல் தணிக்கைக்காரன் வாதாடக் கூடாது. எனவே என் உடம்பிலேயே ஓர் ஆராய்ச்சி தொடங்கினேன். மலிவு மாத்திரையை ரகசியமாக வாங்கி காலையில் விழுங்குவேன். ஸ்டெல்லா தட்டில் வைக்கும் மாத்திரையை அவள் திரும்பும் நேரம் பார்த்து என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் தள்ளிவிடுவேன். மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை முடிவை அவள் முன்னால் போட்டு, "இதோ உன் சாக்பீஸ்" என்று சொல்வதாகத் திட்டம். (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கேட்டிருந்தால் டாக்டரே கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார். எல்லா நடைமுறையும் அறிந்தவனுக்கு அது மட்டும் தோன்றவில்லை.)

ஆராய்ச்சி நன்றாகவே போனது, குடியிருப்போர் சங்கத்தில் மருந்து விலை பற்றிப் பேச என்னை அழைக்கும்வரை. (முன்மொழிந்தது நான். வழிமொழிந்ததும் நான்.) வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காரர்கள் என்பதால் நிபந்தனையும் விதித்தேன். கேசரி கூடாது, பிஸ்கட் கூடாது, காபியில் சர்க்கரை கூடாது. சுண்டல் மட்டும்.

அன்று காலை உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே மலிவு மாத்திரையை விழுங்கினேன். அதே ஞாபகத்தில் தட்டில் இருந்ததையும் விழுங்கினேன். இட்லியைத் தொடவில்லை.

கூட்டத்தில் முதல் வரிசையில், ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில், தெருமுனை மருந்துக் கடை செல்வம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அரசு உச்ச விலை வைக்கிறது. பட்டியலுக்கு வெளியே கம்பெனி வைத்ததுதான் விலை" என்று ஆரம்பித்து, அவரைப் பார்த்தபடி, "மலிவாக இன்னொன்று இருப்பதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்" என்றேன்.

"சார், டாக்டர் எழுதுன பிராண்டை நான் மாத்திக் குடுத்தா என் லைசென்ஸே பூடும். அவரை மருந்து பேரை எழுதச் சொல்லுங்க, நான் குடுக்கிறேன்" என்றார் செல்வம்.

நியாயமான பதில். அதை மறுக்க வாயைத் திறந்தேன். கை நடுங்கியது. நெற்றி வியர்த்தது. "உச்ச விலை" என்றேன். அடுத்த வார்த்தை கிடைக்காமல் மறுபடியும் "உச்ச விலை" என்றேன். ஏழைகளுக்காக நான் தழுதழுக்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே, நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தேன்.

"யோவ், கைதட்டாதீங்கய்யா. சாருக்கு சுகர் எறங்கிடுச்சு. யாராச்சும் சக்கரை எடுத்துனு வாங்க" என்று செல்வம் எழுந்தார்.

மண்டபம் முழுக்கத் தேடினார்கள். "சார்தான் கண்டிப்பா கூடாதுன்னுட்டாரே" என்றார் சங்கச் செயலாளர் பரிதாபமாக. யாரோ சுண்டலை நீட்டினார்கள். அதற்குள் செல்வம், தன் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, கடைக்கு ஓடிக் குளுக்கோஸ் பாக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"இப்பவாவது பேசாம முழுங்குங்க" என்று ஸ்டெல்லா கரைத்துக் கரைத்துப் புகட்டினாள்.

கண் தெளிந்தபோது என் கண்ணாடிக் கூடு திறந்து கிடந்தது. தரையெங்கும் மாத்திரைகள். செல்வம் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"டீச்சர், இது நீங்க என் கடையில வாங்குனதாச்சே."

முழுக் கூட்டத்தின் முன்னிலையில், தரையில் உட்கார்ந்தபடியே என் ஆராய்ச்சி அறிக்கையைச் சமர்ப்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டெல்லா சாயங்காலம்வரை தரையில் பொறுக்கிய மாத்திரைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். (சர்க்கரை இறங்கியதைவிட அது பயமாக இருந்தது.) கடைசியில் கேட்டாள்:

"அப்போ, தாம்பரம் மாத்திரையும் என் மாத்திரையும் சேர்ந்துதான் உங்களைக் கவுத்துச்சா?"

"ஆமாம்."

"சாக்பீஸ் தின்னு யாரும் இப்படி விழ மாட்டாங்க."

இத்தனை நாள் என் வாதத்தால் முடியாததை என் வீழ்ச்சி முடித்துவிட்டது. டாக்டர் வந்ததும் அவளே சொன்னாள்: "எங்க ரெண்டு பேருக்கும் மருந்து பேரை மட்டும் எழுதிடுங்க டாக்டர்."

இப்போது மாதம் ஒருமுறை சேர்ந்தே தாம்பரத்துக்குப் பஸ் ஏறுகிறோம். நான் மேடையில் திட்டியும் எனக்காக ஓடிய செல்வம், நான் பேசும் கூட்டங்களில் எல்லாம் முன்வரிசையில் மடியில் குளுக்கோஸோடு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க பேசுங்க சார். நான் ரெடி." அவரைப் பற்றி இனி என்னத்தைப் பேசுவது?

தினமும் காலையில் தட்டில் இரண்டு மாத்திரைகள் இருக்கும். அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. விழுங்கியதும் நான் வாயைத் திறந்து காட்ட வேண்டும், பிறகு கண்ணாடிக் கூட்டையும். வண்டலூரிலிருந்து மகள் போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. "அம்மா, சாக்பீஸ் போட்டாச்சா?" என்றுதான் கேட்பாள்.

"போட்டாச்சுடி" என்பாள் ஸ்டெல்லா. "ரெண்டு பேரும்."