சில்லுக்குப் போட்ட லேமினேஷன்

கர்த்தருடைய கிருபையால் பெங்களூரில் சுகமாயிருக்கும் என் மகள் ஹெப்சிக்கு, திருத்தணியிலிருந்து அப்பா ஜெபரத்தினம் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் சில்லுதான் நலமில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம்.

இப்பவும், பட்டு நூலையும் மரவள்ளி மாவையும் அரக்கையும் சேர்த்து நீ செய்து, மண்ணின் ஈரத்தைப் போனில் சொல்லும் என்று அனுப்பிய அந்த எலக்ட்ரானிக் சில்லை மல்லிகைச் செடியடியில் புதைத்தேன். அதுவும் தினம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மழை பெய்ததும் தோண்டிப் பார்த்தால், ஓரமெல்லாம் ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி ஊறிக் கிடக்கிறது. உடனே உனக்குப் போன் போட்டேன். வீட்டுக்குப் பின்னால் ரயில் போன சத்தத்தில், "அது மக்குப்பா" என்று மட்டும் காதில் விழுந்தது. பெற்ற மகளே மக்கு அப்பா என்றபின் மேலே என்ன கேட்பது? ரோஷத்தில் வைத்துவிட்டேன்.

உன் எல்.கே.ஜி. சர்டிபிகேட்டிலிருந்து எம்.எஸ்ஸி. மார்க் ஷீட் வரை லேமினேஷன் போட்டுக் காப்பாற்றியவன் நான். சில்லை மட்டும் விடுவேனா? கிருத்திகைக் கூட்டத்தில் இடிபட்டுப் பூபாலன் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மண்ணைத் தொட்டு ஈரம் பார்க்கிற அதன் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டாமல் விடச் சொன்னேன், அந்த அளவுக்கு எனக்கும் மூளை உண்டு. மறுபடி புதைத்தேன். அதன்பின் போனில் ஒன்றுமே வரவில்லை.

நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னாயாமே, வேலை முடிந்ததும் அது மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும், அதைத் தோட்டத்து மண்ணில் காட்டினால்தான் உனக்கு டாக்டர் பட்டம் என்று. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அது கரையணும்னு பொண்ணு காத்துகினு கீது, நீங்க அதுக்கு பிளாஸ்டிக்குல சட்ட போட்டுகினு வந்தீங்களா?" என்றாள். உன் இத்தனை வருஷ உழைப்பை அப்பாவே கெடுத்துவிட்டேன், கண்ணு. உன் கைடிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். நீ சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

உன் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் கர்த்தர் கூடவே இருப்பாராக.

இப்படிக்கு,
அன்பு அப்பா
ஜெபரத்தினம்

பி.கு.: சில்லையும் கடிதத்தோடு அனுப்பலாமென்று இப்போது தோண்டினேன். லேமினேஷன் கவர் பளபளவென்று அப்படியே இருக்கிறது. உள்ளே சில்லைக் காணோம். ஈர மண்ணும் ஒரு மண்புழுவும்தான். ஒட்டாமல் விட்ட ஓரம் வழியாக மழை உள்ளே போயிருக்கிறது. போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், கைடிடம் காட்டு. அன்றைக்கு நீ, "அது மக்கும்ப்பா" என்றுதானே சொன்னாய்? அந்த 'ம்'மை ரயில் கொண்டுபோய்விட்டது.