ஏரியில் இறங்கிய ஆத்மா

நான் அதிகம் பேசமாட்டேன். பேசத் தெரியாமல் இல்லை. ஒருமுறை பேசிப் பார்த்தேன். போதும்.

தாம்பரத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது. குரோம்பேட்டையில் கலாவைப் பெண் பார்த்தோம். எனக்குப் பிடித்தது. அவளும் சரி என்கிற மாதிரிதான் பார்த்தாள். (அப்படி நினைத்துக்கொண்டேன்.) அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டு ஹாலில் புத்தகக் கூட்டம் நடக்கும்.

"படிப்பு ஒரு விஷயமில்ல தம்பி. ஆனா நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க. கூட்டத்துக்கு வாங்க, நாலு வார்த்தை பேசுங்க. அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றார்.

நாவலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரொம்பப் பழைய கதை. அதற்குள் ஒளிந்திருக்கிற பக்திப் பொருளைப் பற்றித்தான் பேச வேண்டுமாம். தொடக்கத்திலேயே ஒரு மாட்டுவண்டிக்கு அச்சு முறிந்தது. அதை எப்படிச் சரி செய்வது என்று யோசித்தபடியே தூங்கிவிட்டேன். அதற்கு மேல் வண்டியும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கும் செல்வம், தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்தவன். அவனிடம் போனேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு மச்சான் பேஜார் ஆவுற? பழைய கதைன்னா ஒரே ஃபார்முலாதான். பொம்பள வந்தா ஆத்மா. ஆம்பள வந்தா சாமி. தண்ணி வந்தா அருள். எல்லாம் ஒண்ணா வந்தா மோட்சம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத."

(கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்கலாம்.)

கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். கலா சமையலறை வாசலில் நின்றாள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"நாயகி கிணத்துல தண்ணி எடுக்கறாளே, அது எதைக் குறிக்குது தம்பி?"

"அருளைத் தேடற ஆத்மா."

ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கதவைத் தட்டற வழிப்போக்கன்?"

"சாமி."

கலாவின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி என்னைப் பார்த்தார். அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு பிரேக் பிடிக்கவில்லை.

"சரி, முடிவுக்கு வருவோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவ ஏரியில இறங்கறாளே, அது?" என்றார் அவர்.

குளிக்கத்தான் என்று நினைத்தேன்.

"ஆத்மா சாமியோட சேர்றது சார். மோட்சம்."

"பிரமாதம்" என்றார் டீச்சர்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். "எங்க கல்யாணமும் அதே மாதிரி நடக்கணும் சார். அதான் என் ஆசை" என்றேன்.

டீச்சர் கடித்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

கலாதான் கேட்டாள். "எது வரைக்கும் படிச்சீங்க?"

"அச்சு முறியற வரைக்கும்."

"அவ குளிக்க இறங்கலங்க. பார்த்து வச்ச மாப்பிள்ளையப் பிடிக்காம இறங்கறா. மேல வரவே இல்ல."

"ஓ" என்றேன். (அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.)

கலா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடியாமல் உள்ளே ஓடினாள். அங்கிருந்தும் சிரிப்பு கேட்டது. அவள் அப்பா கேட் வரை வந்து, "யோசிச்சு சொல்றோம்" என்றார். அதற்கு உட்பொருள் என்ன என்று செல்வம் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஸ்பேனரோடு மட்டும் பழகினேன். பிறகு ஒரு போன்.

"கலா பேசறேன். கட்டிக்கிட்டா இவரைத்தான்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அந்தக் கூட்டத்துல எனக்கு சிரிப்பு வந்தது அதான் முதல் தடவை. ஆனா ஒண்ணு, என்னை ஏரிப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

"சரி."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். முடிச்சூரில் வீடு கட்டினோம். நாங்கள் ஏரிப் பக்கம் போவதில்லை. மழைக்காலத்தில் ஏரியே எங்கள் பக்கம் வரும். கலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருத் தண்ணீரில் கால் வைத்தால், மாடியிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்.

"அப்பா, ஆத்மா இறங்குது."

"சாமியை முதல்ல மோட்டாரைக் கழட்டி மேல வைக்கச் சொல்லுடி" என்பாள் கலா, திரும்பிப் பார்க்காமல்.

கொஞ்ச நேரத்தில் குரோம்பேட்டையிலிருந்து மாமனார் போன் வரும். எவ்வளவு தண்ணீர், கரண்ட் இருக்கிறதா, எதுவும் கேட்கமாட்டார்.

"என்ன மாப்ள, ஆத்மா மேல வந்தாச்சா?"

"வந்தாச்சு மாமா."