எட்டுப் பொத்தான் டிரான்ஸ்மிட்டர்

ரேடியோ கேட்பதற்கே தபாலாபீசில் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. டிரான்சிஸ்டரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போவது குற்றாலத்தில் புது நாகரிகம். மற்றவர்கள் வானலையில் பாட்டுக் கேட்டுத் திருப்திப்பட்டார்கள். தென்காசி பால்வண்ணநாதன் பிள்ளை மட்டும் வானலையில் லாரி ஓட்ட ஆசைப்பட்டார்.

நிஜ லாரி அல்ல. வயல் பக்கம் எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்து, தேக்குப் பலகையில் அவரே இழைத்துச் செய்த முழ நீளப் பொம்மை லாரி. பச்சைப் பெயிண்ட், முகப்பில் 'முருகன் துணை', பின்னால் 'ஹாரன் அடிக்கவும்' எல்லாம் உண்டு. உள்ளே பேட்டரி மோட்டாரும் உண்டு. தூரத்தில் நின்று அதை ஓட்டுவதற்கு ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பெட்டிதான் இல்லை.

மனைவி சண்முகசுந்தரிக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா பாருங்க, சாரல் வந்தாச்சு. விறகெல்லாம் ஈரம். சீசன் முடியுததுக்குள்ள இது ஓடலைன்னா அடுப்புல வெச்சிருவேன், ஆமா. தேக்கு நல்லா நின்னு எரியும்."

சொன்னால் செய்கிறவள். பால்வண்ணநாதன் அன்றே டிரான்ஸ்மிட்டர் தேடக் கிளம்பினார்.

சிங்கப்பூரில் கடை வைத்திருந்த கடையநல்லூர் சிநேகிதர் லாரிக்குள் பொருத்தும் ரிசீவரோடு இரண்டு டிரான்ஸ்மிட்டர் கொண்டுவந்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றில் ஒற்றைப் பொத்தான். லாரி முன்னால் மட்டும் போகும்; அமுக்கினால் ஒரு பக்கமாக வளையும். மற்றதில் எட்டுப் பொத்தான். அதில் லாரி முன்னே, பின்னே, வலம், இடம் எங்கும் போகும். எதை எடுப்பது என்று இரண்டு நாள் தூங்காமல் யோசித்தவர், கண்ணியமான குடிமகன் ஆகையால், முதலில் அனுமதி கேட்போம் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வானலைக் கட்டுப்பாட்டுக் கிளை அலுவலகத்துக்குப் போனார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

அதிகாரி ஆறுமுகநயினார் லாரியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"டிரைவர் எங்கவே?"

"டிரைவர் கிடையாது சார். பொம்மை லாரி. நான் தூரத்துல நின்னு ஓட்டுவேன்."

"யாரு காலுலயாவது ஏறிட்டுன்னா யாரைப் பிடிச்சு உள்ள போடுதது?"

"என்னைத்தான் சார்."

"நீருதான் தூரத்துல நிக்கீரே! ஓடிப் போயிர மாட்டீரா?"

குமாஸ்தா பிச்சுமணி குறுக்கிட்டார்.

"சார், எந்த டிரான்ஸ்மிட்டர்னு தெரியாம அனுமதி எப்படிக் கொடுக்க? இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பரீட்சார்த்த அனுமதி கொடுப்போம். ரெண்டையும் ஓட்டிப் பார்த்து, பொதுநலனுக்கு உகந்தது எதுன்னு நாமளே தேர்ந்தெடுப்போம்."

சுமை ஏற்றாமல் லாரியைப் பரீட்சிப்பது முறையாகாது அல்லவா? பால்வண்ணநாதனின் விண்ணப்பக் கோப்பையே அதில் ஏற்றினார்கள். முதலில் ஒற்றைப் பொத்தான். பிச்சுமணியின் மேஜையடியில் கிளம்பிய லாரி, கோப்பைச் சுமந்துகொண்டு அதிகாரியின் மேஜைவரை போய் நின்றது. பிச்சுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தாம் எழுந்திருக்காமலே ஒரு கோப்பு நகர்வதைக் காணும் பாக்கியம் இந்தப் பிறவியிலேயே கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அதிகாரி மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"முன்னால போகுது, சரி. பின்னால போகுமா?"

"இதுல போகாது சார்."

"அப்போ ஆபீசுக்கு ஆகாதுவே. முன்னால வந்த கோப்பு திரும்பிப் போகலைன்னா, நான் அதுல கையெழுத்துல்லா போடணும்?"

அடுத்தது எட்டுப் பொத்தான். லாரி பின்னால் போனதைக் கண்டதும் அதிகாரியின் முகம் மலர்ந்தது. பெட்டியைத் தாமே பிடுங்கிக்கொண்டார். 'விவரம் தேவை' என்று முன்னால் ஓட்டினார். 'விவரம் போதாது' என்று பின்னால் ஓட்டினார். ஆபீஸே வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. விட்ட வேலை என்ன என்று கேட்கக் கூடாது. எட்டுப் பொத்தான் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பால்வண்ணநாதனும் உள்ளூர அதைத்தான் விரும்பியிருந்தார். சர்க்காருக்கும் தமக்கும் ஒரே ரசனை என்று பூரித்துப்போனார்.

லாரி நடுக்கூடத்தில் வரும்போது மணி ஐந்தடித்தது. பரீட்சார்த்த அனுமதி முடிந்தது. பிச்சுமணி டிரான்ஸ்மிட்டரை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அப்போ லைசென்ஸ் சார்?"

"கோப்பு என் மேஜைக்கு வரட்டும், உடனே போட்டுருதேன்."

"கோப்பு லாரியிலல்லா சார் இருக்கு. ஓட்டிக் கொண்டாந்துருதேன்."

"லைசென்ஸ் இல்லாமலா? சட்டவிரோதம்வே!"

"அப்போ கையால எடுத்துத் தாரேன்."

பிச்சுமணி பதறினார். "அண்ணாச்சி, கையை வைக்காதீங்க! 'வாகனம் மூலம் அனுப்பப்பட்டது'ன்னு பதிஞ்சாச்சு. வழியில எடுத்தா, சர்க்கார் வாகனத்தை மறிச்ச குத்தமாயிரும்."

தம் லாரி எப்போது சர்க்கார் வாகனமாயிற்று என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தினமும் போய்ப் பார்த்தார். லாரி நடுக்கூடத்திலேயே நின்றது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வேகமாகப் போய்ச் சேரட்டும் என்று மற்ற மனுக்களையும் அதிலேயே ஏற்றினார்கள். ஐந்தருவியில் சாரல் ஓய்ந்து, கடைக்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டு போனார்கள். லாரி நகரவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல அவர் ஓரமாக நின்று சுண்டல் வாங்கிக்கொண்டார்.

சண்முகசுந்தரிக்கு வருத்தமே இல்லை. "அடுப்புல வைக்குததுக்குப் பதிலா ஆபீசுல வெச்சாச்சு. ரெண்டும் ஒண்ணுதான். வீடாவது சுத்தமா இருக்கு."

ஊர் என்னவோ பெருமையில் மிதந்தது. "உம்ம மனு என்னாச்சு?" என்று கேட்டால், "லாரியில இருக்குவே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது தென்காசியில் நாகரிகமாயிற்று. சாதாரண மேஜையில் மனு கிடப்பவனுக்கு மதிப்புக் குறைந்தது. பக்கத்து ஆபீஸ்களும் ஆளுக்கொரு லாரி கேட்டு எழுதின. இத்தனை கோரிக்கைகளையும் பரிசீலிக்க நிபுணர் வேண்டும் என்று, பால்வண்ணநாதனையே கௌரவ ஆலோசகராக நியமித்தார்கள். நாற்காலி, மேஜை, பெயர்ப் பலகை, காலையும் மாலையும் காபி. சம்பளம் மட்டும் இல்லை.

ஒருநாள் இலஞ்சியிலிருந்து கடிகாரக் கடைக்காரர் சந்தனமாரி, துணியில் சுற்றிய பொம்மைப் படகோடு வந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, குளத்துல விடுத படகு. நானே செஞ்சேன். இதுக்கு எந்த டிரான்ஸ்மிட்டர் தோதுப்படும்னு நீங்கதான் சொல்லணும். அனுமதியும் வேணும்."

இழைத்து இழைத்துச் செய்த படகு. பால்வண்ணநாதன் அதை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தார். 'எடுத்துக்கிட்டு ஓடிப்போயிருவே' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து காபி வந்தது. ஒரு வாய் குடித்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"பின்னால போகுமாவே?"