நெதர் விட்டில் நியூட் பாதுகாப்புச் சங்கம்

ஜீவகாருண்யத்தில் இங்கிலாந்தின் நெதர் விட்டில் கிராமத்தை அடித்துக்கொள்ள இந்தப் பூமியில் இன்னோர் ஊர் கிடையாது. அந்தக் கருணை அங்கே பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். திருமதி ஹில்டா பாஸ்கோமின் தோட்டத்து வேலிக்கு அப்பால், குளத்தோடு கூடிய வயலில், 'மலிவு விலைக் குடியிருப்பு வரவிருக்கிறது' என்று பலகை நட்டார்களே, அன்று.

திங்கட்கிழமை வரை ஹில்டாவுக்கு நியூட் என்பது பல்லியின் உடம்பும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட ஒரு சனியன். பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் கிடக்கும். முறத்தில் அள்ளி வேலிக்கு அப்பால் வீசிவிட்டுக் கை கழுவுவார். செவ்வாய் மதியம் அடுத்த வீட்டு ரெஜினால்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஒரு தகவலோடு வந்தார்.

"கொண்டை நியூட், அதான் உங்க பூந்தொட்டிக்கு அடியில கிடக்குமே, அது இருக்கிற குளத்துப் பக்கம் லேசுல வீடு கட்ட முடியாதாம், சட்டம் இருக்காம்."

ஹில்டாவின் கண்கள் கலங்கின. "ஐயோ, எவ்வளவு அழகான ஜீவன் அது!"

மாலைக்குள் சங்கம் உதயமாகிவிட்டது. ஹில்டா தலைவர், ரெஜினால்ட் செயலாளர். முதல் தீர்மானம், டீ குடிப்பது. ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை மகள் டாம்சின் வந்தாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல், தொலைவில் இருக்கும் நகரத்தில் ஒற்றை அறையில் கணவனோடு இருந்துகொண்டு தினமும் காரோட்டி வருபவள். இப்போது வயிற்றில் ஆறு மாதம்.

"அம்மா, அந்த வீடுகள்ல ஒண்ணு எங்களுக்குக் கிடைக்கும்போல இருக்கு."

"அது வந்தா நம்ம ஜன்னல்லேர்ந்து மலை தெரியாதுடி."

"புள்ள பொறந்தா அந்த ரூம்ல தொட்டில் போடக்கூட எடமில்லம்மா. அப்ப என் பழைய ரூமையாவது குடுங்க."

"அதைச் சங்கத்துக்கு ஆபீசா ஆக்கிட்டேனே கண்ணு! பிஸ்கட் எடுத்துக்கோ."

நியூட் உண்டா என்று பார்க்க அரசு அனுப்பிய ஆய்வாளர் பிரிட்சர்ட் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வயல் குளத்தில் இறங்கினார். நியூட் தன் முட்டையை நீர்ச்செடியின் இலையில் வைத்து மடித்துவிடும். ஒரு மடிப்பை அவர் பிரித்தார். முட்டை! கரையில் நின்ற சங்கத்தார் ஓசை வராமல் கைதட்டினார்கள். தாய்மார் அதிர்ந்துவிடக் கூடாதல்லவா?

"இவ்வளவு நியூட் எப்படி இந்தக் குளத்துல சேர்ந்துச்சு?" என்று பிரிட்சர்ட் வியந்தார்.

பல்லாண்டுகளாக முறமும் கையுமாக உழைத்த ஹில்டா, அடக்கத்தோடு வாய்மூடி நின்றார்.

தேவாலயக் கூடத்தில் ஊர்க்கூட்டம். ஹில்டா எழுந்தார். "மழை ராத்திரியில ரோட்டைக் கடந்து, பொறந்த இடத்துக்கே திரும்பி வந்து புள்ள பெத்துக்கணும்னு ஒரு தாய் தவிக்கிறா. அவளைப் போடி வெளியேன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?"

ரெஜினால்ட் மூக்கைச் சிந்தினார். கூடமே சிந்தியது. வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. குளத்தைச் சுற்றி வேலியும், நியூட்டுகள் குளிர்காலத்தில் ஒண்டிக்கொள்ள மரக்கட்டையால் 'இல்லங்களும்' கட்டித் தரப்படும் என்று அறிவித்தார்கள்.

கடைசி வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு டாம்சின் மெதுவாக எழுந்து வந்தாள்.

"நானும் இந்த ஊர்லதாம்மா பொறந்தேன்."

"தெரியாதா கண்ணு? ஆனா உனக்குன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே!"

டாம்சின் காரை நோக்கி நடந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. அவள் உடம்பை ஒருக்களித்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வயிற்றோடு தன்னை நுழைத்துக்கொண்டாள். பெற்ற மனம் கேட்குமா? ஹில்டா குடையோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ரொம்ப மெதுவாப் போ கண்ணு. மழைன்னா ரோட்டுல கர்ப்பிணிங்க வருவாங்க. அடிச்சிடாதே, பாவம்."